தூசில்லாத மௌனம்

நல்ல நாற்காலி. முதுகு நேராக நிற்கிறது. காவல் நிலையத்தில் இப்படி ஒன்று கிடைக்கும் என்று நான் நினைக்கவில்லை. சாய்ந்து உட்கார்ந்து இசை கேட்பவர்களை எனக்குப் பிடிக்காது. உடம்பு தூங்கப் போனால் காதும் பின்னாலேயே போய்விடும்.

நீங்கள் போகலாம் என்று சொல்லிவிட்டீர்கள், இன்ஸ்பெக்டர் அம்மா. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. வெளியே பெஞ்சில் என் மனைவி காத்திருக்கிறாள். ஆனால் நீங்கள் வாசித்துக் காட்டிய அறிக்கையில் ஒரு பிழை இருக்கிறது. பிழையுள்ள தாளில் நான் கையெழுத்துப் போட்டதில்லை. எழுதுகிறவனின் பழக்கம். பேனாவை மூடாதீர்கள்.

நான் இசைத்தட்டு விமர்சகன். ஒரு மாத இதழில் கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கம் என்னுடையது. புதிய தட்டுகளும் மறுபதிப்புகளும். அதிலும் புராக்ரசிவ் ராக், பரிசோதனை இசை, இவை இரண்டு மட்டும். உங்களுக்குப் பழக்கம் இருக்காது. முதலாவதில் ஒரே பாட்டு தட்டின் ஒரு பக்கம் முழுவதும் ஓடும். தாளம் ஏழில் தொடங்கும், பதினொன்றுக்குப் போகும், வழி மறந்தவனைப் போல நிற்கும், மறுபடி ஏழுக்கு வரும். இரண்டாவதில் தாளமும் இருக்க வேண்டியதில்லை. ஒருவர் குளிர்பதனப் பெட்டியின் முனகலை ஒரு தட்டு முழுக்கப் பதிவு செய்திருந்தார். நான் பாராட்டி எழுதினேன். என் மனைவி அதைப் படித்துவிட்டு, "நம்ம வீட்டு ஃபிரிட்ஜும் இதைத்தான் பாடுது. அதுக்கும் நாலு வரி எழுதுங்க, பாவம்" என்றாள். அவள் அப்படித்தான். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவாள்.

மறுபதிப்பை விமர்சிப்பது தனி வேலை. புதிய தட்டு என்றால் நன்றாக இருக்கிறது, இல்லை என்று சொன்னால் முடிந்தது. மறுபதிப்புக்குப் பழைய தட்டைக் கேட்க வேண்டும், புதியதைக் கேட்க வேண்டும், பிறகு இரண்டையும் துண்டு துண்டாகப் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டும். எதைத் துடைத்தார்கள், துடைக்கிறேன் என்று எதைச் சுரண்டினார்கள் என்று பார்க்க வேண்டும். கடைசியில் கூடுதலாக ஒட்டியிருக்கும் பாட்டுகள் பெரும்பாலும் விருந்து முடிந்த வீட்டில் பாத்திரம் கழுவும் சத்தம். அதையும் பொறுமையாகக் கேட்க வேண்டும். ரசனையில் விமர்சகன் தவறலாம். தகவலில் தவறக் கூடாது. தட்டில் இருப்பதை இருக்கிறது என்றும் இல்லாததை இல்லை என்றும் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் இந்தத் தொழிலின் ஒழுக்கம்.

ஒருமுறை ஒரு நிறுவனம், மூல நாடாவிலிருந்து எடுத்தது என்று அட்டையில் அச்சிட்டு ஒரு மறுபதிப்பை வெளியிட்டது. எல்லா இதழ்களும் புகழ்ந்தன. எனக்கு ஆர்கனுக்கு அடியில் ஒரு சின்ன டிக் கேட்டது. சுற்றுக்கு ஒருமுறை வந்தது. நாடா சுற்றுக்கு ஒருமுறை டிக் சொல்லாது, கீறல் விழுந்த தட்டுதான் சொல்லும். யாரோ வீட்டில் கிடந்த தட்டிலிருந்து நகல் எடுத்திருந்தார்கள். எழுதினேன். கடைகளிலிருந்து எல்லாத் தட்டுகளும் திரும்பிப் போயின. அன்று ஆசிரியர் எனக்குப் பாம்புக்காது என்று பெயர் வைத்தார். பிறகு பக்கத்தின் தலைப்பே அதுவாகிவிட்டது. என் சொந்தப் பெயரைச் சொன்னால் இந்த உலகத்தில் பலருக்குத் தெரியாது. பாம்புக்காது என்றால் தெரியும்.

அறிக்கைக்கு வருகிறேன். அதற்கு முன் என் மச்சினன்.

மனைவியின் தம்பி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எப்போதும் கழுத்தில் மாலையாக ஒரு சுருள் ஒயர் தொங்கும். அதனால் ஒயர் என்று கூப்பிடுவோம். இறந்தவனை அப்படிச் சொல்வது முறையில்லைதான், ஆனால் அவனே தொலைபேசியில், "ஒயர் பேசறேன்" என்றுதான் ஆரம்பிப்பான். பழைய ஒலிநாடாக்களைச் சுத்தம் செய்து கணினிக்கு மாற்றுவது அவன் வேலை. நிறுவனங்கள் மறுபதிப்பு செய்வதற்கு முன் அவனைப் போன்றவர்களிடம்தான் நாடா போகும்.

எங்கள் வீட்டின் பின்னறையை நான் இசை கேட்பதற்காகக் கட்டினேன். சுவருக்குள் இன்னொரு சுவர். இரட்டைக் கதவு. ஜன்னல் கிடையாது. கூரைக்குக் கீழே காற்று வர ஒரே ஒரு குழாய். உள்ளே இடி இறங்கினாலும் கேட்காது. அவன் எங்களோடு வந்து தங்கியபோது அந்த அறையை அவனுக்கே கொடுத்துவிட்டேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். நான் கொடுத்தேன்.

எங்கள் பகுதியில் மின்சாரம் அடிக்கடி போகும். பின்னறைக்கு வெளியே ஒரு கொட்டகையில் ஜெனரேட்டர் வைத்திருக்கிறோம். அதன் புகை வீட்டுக்குள் வந்தால் கத்துவதற்கு ஒரு சின்ன அலாரம் வாங்கி வந்தான் ஒயர். சத்தம் மட்டும்தான், விளக்குக் கிடையாது. புகையை உணரும் முனையை மட்டும் ஒரு ஒயரில் அறைக்குள் விட்டான், கத்தும் பெட்டியை உள்ளே மாட்டவில்லை. கத்தினால் பதிவில் விழுந்துவிடும் என்று வெளியே நடையில் மாட்டினான். உள்ளே இருப்பவனைக் காப்பாற்றும் கருவியை உள்ளே இருப்பவனுக்குக் கேட்காத இடத்தில் வைப்பவன் ஒலிப்பதிவுக்காரனாகத்தான் இருக்க முடியும். எனக்கும் அது அன்று மிகச் சரியாகவே பட்டது.

"அக்கா, இது கத்துச்சுன்னா நான் உள்ள என்ன பண்ணிட்டிருந்தாலும் கதவைத் திறந்துடு" என்றான்.

"நான் வீட்ல இல்லாதப்போ?"

"அத்தான் இருக்காரே. பாம்புக்காதுக்கு இது கேக்காதா?"

இது பல வருடத்துக்கு முன்பு.

மாதத்தில் ஒரு நாள் நானும் அவனும் சேர்ந்து கேட்போம். கேட்டு முடித்ததும், "மேல எப்படிடா இருக்கு?" என்று கேட்பேன். மேல் என்றால் மேல்சுரங்கள். "சிம்பல்ல கொஞ்சம் தூசு, அத்தான்" என்பான். "புல்லாங்குழல் மூச்சு விடற சத்தம் இப்ப நல்லா வருது" என்பான். அவன் வாயிலிருந்து வந்த சில சொற்கள் என் பக்கத்தில் ஏறியிருக்கலாம். ஒரே வீட்டில் இருப்பவர்கள் ஒரே சீப்பில் தலை வாருவதில்லையா.

நீங்கள் என்னை அனுப்பிவைத்த அந்தக் காது டாக்டர் இதற்கு வேறு அர்த்தம் கொடுக்கிறார். என் மனைவியும் உங்களிடம் ஏதோ சொல்லியிருக்கிறாள். துணி துவைக்கும் இயந்திரத்தைப் பற்றித்தானே. வேலை முடிந்ததும் அது கூவுமாம். எனக்குக் கேட்கவில்லை. மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் பட்டனை அழுத்திவிட்டு, "நல்லாத்தானே கூவுது, சார்" என்றார். மெக்கானிக்குகள் அப்படித்தான் சொல்வார்கள். கூவாத இயந்திரத்தைக் கூவுகிறது என்று சொல்லிவிட்டுப் போனவரை நான் எப்படி நம்புவது. அவர் போன பிறகு என் மனைவியும் ஒயரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குக் கண்ணும் நன்றாகத் தெரியும்.

வயது ஏற ஏறக் காது தேர்ந்தெடுக்கும். வேண்டாததைக் கழித்துவிடும். அது குறையில்லை, முதிர்ச்சி. இதை நான் ஒரு கட்டுரையாகவே எழுதியிருக்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மறுபதிப்பு வந்தது. மூன்று பேர் கொண்ட ஒரு பரிசோதனைக் குழு, இளமையில் ஒரே ஒரு தட்டு வெளியிட்டுக் கலைந்துபோனது. இரண்டாம் பக்கத்தின் முடிவில் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நின்று, பிறகு நீண்ட வெறுமை. பழைய தட்டில் அந்த இடத்தில் ஊசி கரகரக்கும், அவ்வளவுதான். அந்த மாதம் ஒயர் வெளியூரில் ஏதோ வேலையாக இருந்தான். நான் தனியாகக் கேட்டேன். புதிய தட்டில் கரகரப்பே இல்லை. உடம்பு சிலிர்த்தது. வழக்கத்தை விட நன்றாக எழுதினேன். கடைசி வரிகள் மனப்பாடமாக இருக்கின்றன: "இந்த மறுபதிப்பின் பெருமை அதன் முடிவில் இருக்கிறது. ஒரு தூசுகூட இல்லாத மௌனம். இவ்வளவு சுத்தமான மௌனத்தை நான் எந்தத் தட்டிலும் கேட்டதில்லை."

இதழ் வெளியான வாரம் ஆசிரியர் தொலைபேசியில் அழைத்தார். வழக்கமாக அவர் சிரித்துக்கொண்டே ஆரம்பிப்பார். அன்று மென்று விழுங்கினார்.

"சார், அந்த மௌனம் இருக்கே… அதுல ஒரு சத்தம் இருக்காமே?"

"எந்தச் சத்தம்?"

"கீச்சுனு, ஊசி மாதிரி. முழுக்க வருதாம். நான் போட்டுப் பார்த்தேன். எனக்கே கேக்குது, சார். நம்ம ஆபீஸ்ல டைப் பண்ற பொண்ணு காதைப் பொத்திக்கிட்டு வெளியே போயிடுச்சு. வாசகர் ஒருத்தர் வீட்டு நாய் தட்டு ஓடுனா கட்டிலுக்கு அடியில போயிடுதாம். ஆளாளுக்குப் போன் பண்ணிச் சிரிக்கிறாங்க. செவிடன் காதுல ஊதின சங்கு…" என்று சொல்லிவிட்டு இருமினார்.

விஷயம் இதுதான். அந்தக் குழுவின் இசையமைப்பாளர், மௌனம் போலத் தோன்றும் அந்த இடத்தில் மிக உயர்ந்த ஒரு சுரத்தை வைத்திருந்தார். அந்தக் காலத்துத் தட்டு அச்சடிக்கும் ஆலை, ஊசி தாங்காது என்று அதை வெட்டிவிட்டது. மறுபதிப்பில் அதைத் திரும்பச் சேர்த்திருந்தார்கள். மறுபதிப்பே அதற்காகத்தான். கேட்பவர்கள் தாங்களாகவே கண்டுபிடிக்கட்டும் என்று அட்டையில் எழுதவில்லை. மூல நாடாவிலிருந்து அதை மீட்டெடுத்தவன் ஒயர். வெளியூரில் பார்த்த வேலை அதுதான்.

அவன் திரும்பி வந்ததும் நேராக என்னிடம் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அத்தான், அதை யாருக்கும் சொல்ல வேணாம்னு மியூசிக் போட்ட பெரியவர் கேட்டுக்கிட்டார். ஆனா இந்தத் தட்டை உங்களுக்கு அனுப்பாதீங்கன்னு நான் ஆசிரியர்கிட்ட சொல்லித்தான் வெச்சிருந்தேன். மறந்து அனுப்பிட்டார்."

"எனக்கு ஏன் அனுப்பக் கூடாது?"

அவன் அப்போதுதான் செருப்பைக் கழற்றினான். பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து என் முழங்கால் மேல் கை வைத்தான். எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் செய்வதில்லை.

"வீட்டுக்கு வீடு வாசப்படி, அத்தான். வயசானா எல்லாருக்கும் மேல்சுரம் கேக்காமப் போயிடும். எனக்கும் இன்னும் கொஞ்ச வருஷத்துல போயிடும். ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடலாம். பக்கத்தைப் பத்திக் கவலைப்படாதீங்க. நான் கேட்டு எழுதித் தரேன். உங்க பேர்லயே போகட்டும். இத்தனை நாளும் பாதி அப்படித்தானே போச்சு."

கடைசி வாக்கியத்தைச் சிரித்துக்கொண்டு சொன்னான். அன்பாகத்தான் சொன்னான். அதை நான் மறுக்கவில்லை. அவன் அன்பானவன் என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

போகும்போது நடையில் நின்று அலாரத்தை அண்ணாந்து பார்த்தான்.

"இதையும் மாத்தணும், அக்கா. லைட்டு மின்னற மாதிரி ஒண்ணு வருது. காது கேக்காதவங்க இருக்கற வீட்டுக்குன்னே விக்கிறாங்க. அடுத்த வாரம் வாங்கிட்டு வரேன்."

என் மனைவி, "ஆமாண்டா, சீக்கிரம் வாங்கு" என்றாள்.

எங்கள் நடை வழியாகத்தான் எல்லோரும் வருவார்கள். ஆசிரியர் வருவார். வாசகர்கள் வருவார்கள். இசைக்குழுக்காரர்கள் தங்கள் முதல் தட்டை எடுத்துக்கொண்டு பாம்புக்காதைப் பார்க்க வருவார்கள். அங்கே சுவரில், ஆளுயரத்தில், ஒரு விளக்கு மின்னும். இது எதற்கு என்று கேட்பார்கள். என் மனைவி பதில் சொல்வாள். அவளுக்கு மறைக்கத் தெரியாது.

அந்த வாரத்திலேயே ஒரு நாள் மதியம் மின்சாரம் போனது. என் மனைவி தையல்கடைக்குப் போயிருந்தாள். ஒயர் பின்னறையில் ஹெட்போனுடன் உட்கார்ந்திருந்தான். நான் ஜெனரேட்டரை ஓட்டினேன். அது எப்போதும் என் வேலை.

ஜெனரேட்டரின் புகைக்குழாய் சுவருக்கு வெளியே போகும்படி ஒரு கொக்கியில் தொங்கும். அது கொக்கியிலிருந்து நழுவி, அறையின் காற்றுக்குழாயின் வாயில் போய் விழுந்தது, எதிர்பாராத விபத்து என்று உங்கள் அறிக்கை சொல்கிறது. முன்பும் நழுவியிருக்கிறது என்று என் மனைவி சாட்சி சொல்லியிருக்கிறாள். அது உண்மை. ஆனால் அன்று நழுவவில்லை. நான் எடுத்து அங்கே வைத்தேன். சூடாக இருந்தது, துணி சுற்றிப் பிடித்தேன். நான் சொன்ன பிழை இதுவல்ல. ஆனாலும் வரிசையாகச் சொல்ல வேண்டும் என்பதால் சொல்கிறேன்.

பிறகு நடையில் என் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். ஜன்னல் திறந்திருந்தது. நல்ல காற்று. கையில் அடுத்த மாதத்துக்கு வந்த ஒரு தட்டின் அட்டை. அதன் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் நிறைய எழுதியிருந்தார்கள். படித்துக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே அலாரம் இருந்தது.

என் மனைவி தெருவிலிருந்தே ஓடி வந்தாள். தையல்காரர் கொடுத்த பை வாசலிலேயே விழுந்தது. "ஏங்க, இது இந்தக் கத்துக் கத்துதே, காது கேக்கலையா உங்களுக்கு?" என்று என்னைத் தள்ளிவிட்டுப் போய் இரட்டைக் கதவைத் திறந்தாள். ஒயர் மேசை மேல் தலை சாய்ந்து கிடந்தான். ஹெட்போன் காதிலேயே இருந்தது. நாடா முடிந்துபோய் அதன் வால் சுற்றிச் சுற்றி அடித்துக்கொண்டிருந்தது. பட், பட் என்று. அது எனக்கு மிகத் தெளிவாகக் கேட்டது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி பிழை.

"அலாரத்தின் ஒலியைக் கேட்கும் திறன் இவருக்கு இல்லை. ஆகவே எச்சரிக்கை இவரை எட்டவில்லை." மூன்றாம் பத்தி. டாக்டர் கொடுத்த சான்றை வைத்து இதை எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சோதனையைப் பற்றி நான் சொல்ல வேண்டும். ஒரு கூண்டில் உட்காரவைத்து, சத்தம் வரும்போது பட்டனை அழுத்தச் சொன்னார். அவர் கொடுத்த ஹெட்போன் மலிவானது. மேல்சுரம் அதில் வராது. இந்த மாதிரி கருவியை வைத்து ஒரு மனிதனின் காதைத் தீர்மானிப்பது, உடைந்த ஊசியை வைத்துத் தட்டை விமர்சிப்பது போல. என் மனைவியும், "அவருக்குக் கேக்காதுங்க, பாவம். என் தம்பியே சொன்னான். அவரை விட்டுடுங்க" என்று உங்கள் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டாளாம். தம்பியை இழந்த அன்றே புருஷனைக் காப்பாற்றப் பார்த்தாள். அவள் நோக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் பொது இடத்தில், எழுத்துமூலமாக, என்னைச் செவிடன் என்று சொல்லியிருக்கிறாள். இது செய்தித்தாளில் வரும். ஆசிரியர் படிப்பார். அந்த டைப் பண்ணும் பெண் படிப்பாள்.

எனக்குக் கேட்டது.

முதல் நொடியிலிருந்து கேட்டது. கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். எழுந்து கதவைத் திறக்கவில்லை. அட்டையைப் படித்து முடித்தேன். இதைத்தான் நீங்கள் திருத்த வேண்டும்.

குழாயைப் பற்றி இரண்டு முறை கேட்டுவிட்டீர்கள். அதில் சந்தேகமே வேண்டாம். என் கையால் எடுத்தேன், என் கையால் வைத்தேன். கொட்டகையில் அந்தத் துணி இன்னும் கிடக்கும், கருகியிருக்கும். ஆனால் அலாரத்தைப் பற்றி இன்னும் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. கேளுங்கள். எப்படி இருந்தது என்று கேளுங்கள்.

ஒற்றை இழை. வயலினின் கடைசித் தந்தியில் விரலை மேலே மேலே கொண்டுபோய், இனி இடமில்லை என்ற இடத்தில் நிறுத்தினால் வருமே, அதற்கும் சற்று மேலே. ஓரங்கள் கூர்மை. எங்கள் நடையின் சுவரில் பட்டு மெல்லத் திரும்பியது. அழகானது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தூய்மையானது.

அந்த அலாரத்தை இங்கேயே வைத்திருக்கிறீர்களா. உறையோடு இருக்கிறதே. ஆம், இதுதான். பக்கவாட்டில் சின்னக் கீறல், ஒயர் மாட்டும்போது விழுந்தது. சோதனைப் பட்டன் அங்கே, நடுவில். அழுத்துங்கள். நான் தயார்.

ஆம்.

இதேதான். இந்த அறையில் கொஞ்சம் பட்டையாகக் கேட்கிறது. வெறும் சுவர், பெரிய மேசை, அதனால். நடையில் இன்னும் நுனியாக இருந்தது. உங்கள் காவலர் முகம் சுளிக்கவில்லை, பாருங்கள். நிலையத்தில் இருந்து இருந்து காது மரத்துப்போயிருக்கும். போதும், விரலை எடுத்துவிடுங்கள். காது கூசுகிறது.

ஏன் அதன் முதுகைத் திறக்கிறீர்கள்.

பேட்டரி இல்லை.

அன்றைக்கே கழற்றி இழுப்பறையில் போட்டுவிட்டதாகச் சொல்கிறீர்கள். சரி.

சரி, அம்மா. அதனால் என்ன. குழாயை நான்தான் வைத்தேன் என்று எழுதியாகிவிட்டது. அதற்குக் கீழே ஒரு வரிக்கு இடம் இருக்கிறது. பாம்புக்காதுக்குக் கேட்டது என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வெளியே இருப்பவளிடம் மற்றதை எல்லாம் எப்படிச் சொல்வீர்களோ, அது உங்கள் பாடு. இதை மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள். எனக்குக் காது கேட்கிறது.